தடகளக் கூட்டமைப்பின் நாற்காலிகளில் யார் யார்? புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தேசியத் தடகளக் கூட்டமைப்புக்கு ஒரு நிர்வாகக் குழு இருக்கிறது என்பதையே பலர் ஏதாவது தகராறு வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். தகுதித் தூரத்தை எறிந்த பெண்ணின் பெயர் அணிப் பட்டியலில் இல்லை. ஸ்பான்சர் பணம் எங்கே போனது என்று வீரர்கள் கேட்கிறார்கள். யார் முடிவெடுத்தது என்று தேடிப் போனால் வரிசையாகப் புகைப்படங்கள், ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி: முன்னாள் ஒலிம்பியன், பிரபல தொழிலதிபர், மூத்த வழக்கறிஞர், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. எல்லாரும் பெரிய மனிதர்கள், எல்லாருக்கும் விளையாட்டின் மேல் தீராத ஆர்வம். முழுவதையும் படித்து முடித்தாலும் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்காது.

விளையாட்டுச் செய்தி எழுதத் தொடங்கியிருப்பவர், கிளப்பின் சார்பில் முதல் முறையாக ஓட்டுப் போடப் போகிறவர், பிள்ளையை இந்த விளையாட்டில் இறக்கிவிட்ட பெற்றோர், இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் வாங்கிய பதக்கமும் வகித்த பதவியும் எனக்கு இரண்டாம்பட்சம். அவர் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார், அவரை வெளியே அனுப்பும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

பெயர்களுக்கு முன்னால் விதிகள்

புகைப்படங்களை ஓரமாக வைத்துவிட்டு, கூட்டமைப்பின் சட்டதிட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் யார், ஓட்டு யாருக்கு, குழுவில் எத்தனை இடம், ஒவ்வொரு இடமும் எப்படி நிரப்பப்படுகிறது, பதவிக்காலம் எவ்வளவு என்ற ஐந்தையும் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நாட்டுக்கு நாடு அமைப்பு மாறும். இந்தியத் தடகளக் கூட்டமைப்பு 1946-இல் தொடங்கப்பட்டது. மாநிலச் சங்கங்களும், ரயில்வே, ராணுவம் போன்ற நிறுவன அணிகளும்தான் அங்கே உறுப்பினர்கள், ஓட்டும் அவர்களிடம்தான். பிரிட்டனில் கதை வேறு. அங்கே இருந்த பழைய கூட்டமைப்பு 1997-இல் திவாலாகி நிர்வாகியின் கைக்குப் போனது. அதற்குப் பதிலாக 1999-இல் வந்த 'யுகே அத்லெடிக்ஸ்' சட்டப்படி ஒரு கம்பெனி. குழு உறுப்பினர்கள் அந்தக் கம்பெனியின் இயக்குநர்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் 31 பேர் கொண்ட குழு இருந்தது. இத்தனை பேர் உட்கார்ந்தால் எதுவும் முடிவாகாது என்று அந்நாட்டு ஒலிம்பிக் கமிட்டி நெருக்கியதில் 2008-இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள்.

இந்த வேறுபாடு தெரியாமல் ஆட்களை ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வருவீர்கள். கம்பெனி வடிவக் குழுவில் தடகளமே ஆடாத ஒரு கணக்காளர் உட்கார்ந்திருந்தால், அவரை வேண்டுமென்றே தேடிப்பிடித்துப் போட்டிருப்பார்கள். மாநிலச் சங்கங்கள் ஓட்டுப் போட்டு அமைக்கும் குழுவில் அதே ஆள் இருந்தால், அவர் பின்னால் ஏதோ ஒரு மாநிலத்தின் ஆதரவு இருக்கிறது. பயோடேட்டா ஒன்றுதான், பொருள் வேறு.

இன்னொன்று. நிர்வாகக் குழு வேறு, சம்பளம் வாங்கும் தலைமைச் செயல் அதிகாரி வேறு, அணியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக் குழு வேறு. தேர்வுக் குழு செய்த காரியத்துக்குத் தலைவரின் பழைய வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. தேர்வுக் குழுவை நியமித்தது யார் என்று கேட்டால் மட்டும் அவர் பெயர் வரும்.

யார் எந்த வாசல் வழியாக வந்தார்

ஒரு விரிதாளைத் திறந்து பெயர், வந்த வாசல், வந்த ஆண்டு, எத்தனையாவது முறை, விளையாட்டுப் பின்னணி, தொழில், வகிக்கும் வேறு பதவிகள் என்று நிரல்களைப் போடுங்கள். இரண்டாவது நிரலைத்தான் முதலில் நிரப்ப வேண்டும்.

வாசல்கள் பொதுவாக நான்கைந்துதான். உறுப்பினர் சங்கங்களின் ஓட்டு ஒன்று. வீரர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று. விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் வாங்கி, நேர்காணல் வைத்து எடுக்கும் சுயேச்சை உறுப்பினர் இன்னொன்று. வேறொரு பதவியில் இருப்பதால் தானாகவே கிடைக்கும் இடமும் உண்டு. உதாரணமாக, உலகத் தடகள அமைப்பின் (வேர்ல்ட் அத்லெடிக்ஸ்) கவுன்சிலில் இருப்பவருக்குச் சில நாடுகளின் குழுவில் இடம் உண்டு. கடைசியாக, குழுவே பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் நியமன இடம்.

ஓட்டு வாங்கி வந்தவர் ஓட்டுப் போட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அதனாலேயே சில விஷயங்களில் அவர் வாய் திறக்க முடியாது. வயது மோசடியில் சிக்கிய சங்கத்தின் மேல் நடவடிக்கை எடுத்தால் அடுத்த தேர்தலில் அந்த ஓட்டு போய்விடும். சுயேச்சையாக வந்தவருக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் மாவட்ட அளவிலான மைதானத்தில் காலை வைத்தே பார்த்திருக்காத ஆளாக அவர் இருக்கலாம். இரண்டு வகையும் தேவை என்பதுதான் என் எண்ணம். பிரிட்டனில் 2016-இல் வெளியான விளையாட்டு நிர்வாக விதிமுறை, அரசுப் பணம் பெறும் அமைப்புகளின் குழுவில் குறைந்தது கால்வாசிப் பேர் சுயேச்சை உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 2020-இல் வந்த சட்டம் வேறு பக்கம் சாய்ந்தது. குழுவில் மூன்றில் ஒரு பங்கு வீரர்களுக்கு என்றது. அதற்கு முன்னால் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது.

'வீரர் பிரதிநிதி' என்று போட்டிருந்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அவரைத் தேர்ந்தெடுத்தது வீரர்களா, தலைவரா? ஓட்டு உண்டா, பார்வையாளரா? இப்போதும் போட்டியிடுகிறவர் என்றால் அவருடைய பயிற்சிப் பணமும் வெளிநாட்டு முகாமும் இதே குழுவின் கையில் இருக்கின்றன. அவர் எதிர்த்து ஓட்டுப் போடுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். இதை அவருடைய குறையாக எண்ண வேண்டாம், அந்த இருக்கையின் அமைப்பே அப்படி.

நாலு வரி பயோடேட்டாவைப் பிரித்துப் பார்ப்பது

இப்போது புகைப்படங்களுக்குப் போகலாம். கீழே இருப்பது நானே கட்டிய மாதிரி. ஆனால் இந்த வகைப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்குப் பழகிய குரல்தான்:

"சர்வதேச அளவில் நாட்டுக்காக ஆடியவர். விளையாட்டு நிர்வாகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் கொண்டவர். பல நிறுவனங்களின் இயக்குநர். இளம் திறமைகளை வளர்த்தெடுப்பதில் பெரும் பங்காற்றி வருபவர்."

முதல் வரி. எந்தப் போட்டி, எந்தப் பிரிவு, எந்த ஆண்டு? ஒலிம்பிக்கும் சர்வதேசம்தான், இரண்டு நாடுகள் நட்புக்காக நடத்திய பந்தயமும் சர்வதேசம்தான், 55 வயதுக்கு மேற்பட்ட மூத்தோர் போட்டியும் சர்வதேசம்தான். எதுவும் கேவலமில்லை. ஆனால் ஒன்றை இன்னொன்றாகக் காட்டுவது வேறு. ஒலிம்பிக், உலகப் போட்டி முடிவுகள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன, சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாவது வரி. முப்பது ஆண்டும் எங்கே? மாவட்டச் செயலாளராகப் பத்து, மாநிலச் செயலாளராகப் பத்து, தேசியக் குழுவில் பத்து என்றால் அவர் படிப்படியாக வந்தவர், ஓட்டுக் கணக்கு அத்துப்படி. முப்பதும் ஒரே நாற்காலியில் என்றால் வேறு கதை.

மூன்றாவது வரிதான் எனக்கு முக்கியம், அதைத்தான் மொட்டையாக விட்டிருக்கிறார்கள். எந்த நிறுவனங்கள்? போட்டி நடத்திக் கொடுக்கும் நிறுவனமா, செயற்கை இழை ஓடுதளம் போடும் காண்ட்ராக்டா, வீரர்களுக்கு உடை விற்பதா, அல்லது சம்பந்தமே இல்லாத சிமென்ட் ஆலையா? சிமென்ட் என்றால் கவலை குறைவு.

நான்காவது வரியில் ஒரு பயிற்சி அகாடமி ஒளிந்திருக்கலாம். அகாடமி வைத்திருப்பவர் குழுவில் இருக்கக்கூடாது என்றில்லை, நல்ல கோச்சுகள் பலர் அப்படித்தான் வந்திருக்கிறார்கள். அவருடைய மாணவர்கள் தேர்வுக்கு வரும்போது அவர் எழுந்து வெளியே போகிறாரா என்பதுதான் கேள்வி. கூட்டக் குறிப்பில் அது பதிவாகியிருக்க வேண்டும்.

ஓடுகளத்துப் பழைய கதை

உலக அமைப்பு 1912-இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தது. அன்றிலிருந்து ஆறே ஆறு தலைவர்கள். முதல்வர் சிக்ஃபிரிட் எட்ஸ்ட்ரோம், ஸ்வீடனின் பெரிய மின்பொறி நிறுவனத்தை நடத்திய தொழிலதிபர், இளமையில் ஓட்டக்காரர். அடுத்து டேவிட் பர்லி, 1928 ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்ற பிரபு, நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். ஆட்ரியன் பாலன் நெதர்லாந்துக்காக ஒலிம்பிக்கில் ஓடியவர். பிரிமோ நெபியோலோ இளமையில் நீளம் தாண்டியவர். லமீன் டியாக்கும் நீளம் தாண்டியவர்தான், 1958-இல் பிரான்ஸ் சாம்பியன், பின்னால் டாக்கர் நகரின் மேயர். இப்போதுள்ள செபாஸ்டியன் கோ 1980, 1984 ஒலிம்பிக்குகளில் 1500 மீட்டர் தங்கம் வென்றவர், பிறகு எம்.பி., அதற்குப் பிறகு 2012 லண்டன் ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் தலைவர்.

ஆறு பேருமே ஏதோ ஒரு விதத்தில் மைதானத்து மண்ணை மிதித்தவர்கள். அதில் டியாக் 2020-இல் பாரீஸ் நீதிமன்றத்தில் ஊழல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகித் தண்டனை பெற்றார். ரஷ்ய வீரர்களின் ஊக்கமருந்து விவகாரங்களை மூடிமறைக்கப் பணம் கைமாறியதுதான் வழக்கு. அதனால் 'முன்னாள் வீரர் வந்துவிட்டார், இனி எல்லாம் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதில்லை. 'வீரர்கள் ஓடத்தான் லாயக்கு' என்று எதிர்ப்பக்கம் பேசுபவர்களிடமும் எனக்குப் பொறுமை கிடையாது.

எத்தியோப்பியாவைப் பாருங்கள். ஹைலே கெப்ரசெலாசி 2016-இல் கூட்டமைப்புத் தலைவரானார். உலகமே அறிந்த ஓட்டக்காரர், ஓட்டல் உள்படப் பல தொழில்களை நடத்துபவர். இரண்டு ஆண்டில், பதவிக்காலம் முடியும் முன்பே விலகிவிட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற தெரார்து துலு 1992-இல் 10,000 மீட்டர் தங்கம் வென்றவர். இந்தியாவில் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஓடிய அடில் சுமாரிவாலா 2012-இலிருந்து தலைவராக இருந்தார். 2025 ஜனவரியில் அந்த இடத்துக்கு 2002 பூசான் ஆசியப் போட்டியில் குண்டு எறிதலில் தங்கம் வென்ற பகதூர் சிங் சாகூ வந்தார். 2003 பாரீஸ் உலகப் போட்டியில் நீளம் தாண்டுதலில் வெண்கலம் வாங்கிய அஞ்சு பாபி ஜார்ஜ் மூத்த துணைத் தலைவர்.

வீரராக இருந்ததில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எந்தப் பிரிவு. தடகளம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல உலகங்கள். குறுந்தூர ஓட்டக்காரர்களாலேயே நிறைந்த குழுவில், நடைப் பந்தயத்துக்கும் எறிதல்களுக்கும் யார் பேசுவார்கள்? சாலை மராத்தானில் புரளும் பணமும் அரங்கத்துக்குள் நடக்கும் போட்டிகளின் பணமும் ஒரே வகை கிடையாது. இரண்டு, எந்தக் காலம். உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு 1999-இல்தான் வந்தது. தினமும் எங்கே தங்குகிறேன், எந்த ஒரு மணி நேரம் சோதனைக்குக் கிடைப்பேன் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டிய கெடுபிடி எல்லாம் அதற்குப் பிறகு வந்தது. அதற்கு முன்பே ஓய்வுபெற்றவருக்கு இன்றைய இருபது வயதுப் பெண் எதற்காக அதிகாலையில் கதவு தட்டும் சத்தத்துக்குக் காத்திருக்கிறாள் என்பது சொல்லிக் கொடுத்துத்தான் தெரிய வேண்டும்.

பிழைப்புக்கு என்ன செய்கிறார்

மைதானத்துக்கு வெளியே ஒருவர் செய்யும் வேலை குழுவுக்கு என்ன கொண்டுவருகிறது என்று பார்ப்பது சுவாரசியமான பகுதி. ஒவ்வொரு நாட்டிலும் ஏதோ ஒரு வகை ஆட்கள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இருக்கும்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். 2001 முதல் 2017 வரை அங்கே தலைவராக இருந்த கிளெமென்ஸ் புரோகோப் தொழிலால் நீதிபதி. அவருக்குப் பின் வந்த யூர்கன் கெசிங் ஒரு நகரத்தின் மேயர். பிரான்ஸில் 2001-இல் தலைவரான பெர்னார் அம்சலெமும் முன்னாள் மேயர். மேயர்கள் ஏன்? ஓடுதளமும் அரங்கமும் பெரும்பாலும் நகராட்சிகளின் சொத்து. பராமரிப்புக்குக் காசு ஒதுக்குவது, போட்டிக்கு அனுமதி கொடுப்பது எல்லாம் அங்கேதான். அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து பழகியவர் குழுவில் இருந்தால் காரியம் நடக்கும்.

கென்யாவில் 2015-இல் தலைமைப் பொறுப்பேற்ற ஜாக்சன் துவேய் ஓய்வுபெற்ற ராணுவ ஜெனரல். அங்கே ஓட்டக்காரர்களில் பெரும் பகுதியினருக்குச் சோறு போடுவது ராணுவமும் காவல்துறையும் சிறைத்துறையும்தான். வேலை, விடுப்பு, பயிற்சி முகாம் எல்லாம் சீருடைத் துறைகளின் கையில். இந்தியாவிலும் வீரர்களில் பலர் ரயில்வே, ராணுவம், காவல்துறை ஊழியர்கள். அதனால் இப்படிப்பட்ட குழுக்களில் சீருடைக்காரர் ஒருவரைக் கண்டால் ஆச்சரியப்படத் தேவையில்லை. வீரருக்கும் மேலதிகாரிக்கும் இடையே தகராறு வந்தால் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

பிரிட்டனில் 2007 முதல் பத்தாண்டு தலைவராக இருந்த எட் வார்னர் நிதித்துறைக்காரர். அடுத்து வந்த ரிச்சர்ட் போக்கர் ரயில்வே நிர்வாகத்தில் உச்சியில் இருந்தவர். ஒரு முறை திவாலைப் பார்த்த விளையாட்டு, கணக்கு தெரிந்தவரைத் தேடுவது இயல்புதான். ஸ்பெயினில் 1989-இலிருந்து 2016 வரை தலைவராக இருந்த ஹோசே மரியா ஓத்ரியோசோலா உயிர்வேதியியல் பேராசிரியர். அவருக்குப் பின் வந்த ரவுல் சபாடோ மும்முறை தாண்டுதல் வீரர்.

தொழிலைப் பார்க்கும்போது பட்டத்தைவிட வேலையைப் பாருங்கள். பொருளாளரைத்தான் நான் முதலில் தேடுவேன். அவருக்கு ஓர் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியுமா? கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் பொருளாளர் பதவி தலைவருக்கு வேண்டியவருக்கான பரிசாகப் போகும் இடங்கள் உண்டு. தணிக்கைக் குழு என்று தனியாக இருந்தால் அதன் தலைவர் யார், அவரும் பொருளாளரும் ஒரே ஆளா என்று பாருங்கள். ஒரே ஆள் என்றால் அந்தத் தணிக்கைக் குழு வெறும் பேருக்குத்தான்.

வேறு எந்தெந்த நாற்காலி

வாலன்டின் பலக்னிச்சேவ் 1991 முதல் 2015 வரை ரஷ்யக் கூட்டமைப்பின் தலைவர். அதே ஆள் 2011-இலிருந்து உலக அமைப்பின் பொருளாளர். கண்காணிக்க வேண்டிய அமைப்பின் பணப்பெட்டியும் கண்காணிக்கப்படும் நாட்டின் தலைமையும் ஒரே கையில். 2016 ஜனவரியில் உலக அமைப்பின் நெறிமுறைக் குழு அவருக்கு ஆயுள் தடை விதித்தது. அவருடைய பயோடேட்டாவில் இந்த இரண்டு பதவிகளும் பெருமையாக அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்திருக்கும். அவற்றைச் சேர்த்துப் படிக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது.

இரட்டைப் பதவி எல்லாமே தப்பு என்று சொல்ல வரவில்லை. நாட்டின் தலைவர் உலகக் கவுன்சிலில் இருந்தால் நாட்டுக்கு நல்லதும் நடக்கும். இரட்டை ஆதாயம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க ஒரு எளிய சோதனை: இவர் இந்த நாற்காலியில் எடுக்கும் முடிவால் அந்த நாற்காலியில் இவருக்குப் பணமோ ஓட்டோ வருமா?

எங்கே தேடுவது? பிரிட்டனில் கம்பெனிப் பதிவேடு இணையத்தில் இலவசம். இயக்குநராகச் சேர்ந்த தேதி, விலகிய தேதி, அவர் இயக்குநராக இருக்கும் மற்ற கம்பெனிகள் எல்லாம் கிடைக்கும். அமெரிக்காவில் லாப நோக்கமற்ற அமைப்புகள் வரித்துறைக்குத் தரும் '990' படிவம் பொது ஆவணம். அதில் குழு உறுப்பினர் பட்டியலும் ஒவ்வொருவருக்கும் கொடுத்த தொகையும் இருக்கும், அதற்குமேல் குழுவில் இருப்பவர்களோடும் அவர்கள் குடும்பத்தோடும் செய்த கொடுக்கல் வாங்கலுக்கு என்றே ஓர் இணைப்பும் உண்டு. நான் முதலில் திருப்புவது அந்த இணைப்பைத்தான். இந்தியாவில் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இயக்குநர் விவரம் பார்க்கலாம். இவை எதுவும் இல்லாத நாடுகளில் கூட்டமைப்பின் ஆண்டறிக்கையில், தணிக்கைக் குறிப்புகளின் பொடி எழுத்தில், 'தொடர்புடைய தரப்புகள்' என்ற தலைப்பைத் தேடுங்கள். அப்புறம் போட்டி அழைப்பிதழ்கள்: ஸ்பான்சர் பெயர்களை உறுப்பினர்களின் தொழில் நிரலோடு ஒப்பிட்டாலே சில விஷயங்கள் தெரிந்துவிடும்.

எத்தனை வருடம்

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எண்ணிப் பார்த்தாலே போதும். ஸ்பெயினில் ஒருவரே 27 ஆண்டு. கென்யாவில் ஐசையா கிப்லகாட் 1992 முதல் 2015 வரை. நெபியோலோ 1981-இல் உட்கார்ந்தவர் 1999-இல் இறக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

இப்போது பல இடங்களில் வரம்பு வந்துவிட்டது. உலக அமைப்பின் தலைவருக்கு நான்காண்டு வீதம் மூன்று முறை, மொத்தம் 12 ஆண்டு. பிரிட்டனில் பொதுவாக 9 ஆண்டு. இந்தியாவில் 2025-இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டப்படி தலைவர், பொதுச் செயலாளர், பொருளாளர் பதவிகளில் தொடர்ச்சியாக மூன்று முறைக்கு மேல் இருக்க முடியாது. வயது வரம்பு 70, சர்வதேச அமைப்பின் விதி இடம் கொடுத்தால் 75 வரை போகலாம்.

வரம்பு இருக்கிறது என்று நிம்மதியாகிவிட வேண்டாம். பத்து ஆண்டு செயலாளர், அப்புறம் தலைவர், அப்புறம் 'ஆயுட்காலப் புரவலர்' என்று நாற்காலி மட்டும் மாறியிருக்கலாம். எனவே பதவியை எண்ணாமல் ஆளை எண்ணுங்கள்: இந்தப் பெயர் முதன்முதலில் குழுவில் வந்தது எந்த ஆண்டு? பழைய ஆண்டறிக்கைகளைப் பின்னோக்கிப் புரட்டினால் தெரியும். ஓய்வுபெற்றவரின் மகனோ மருமகளோ அதே மாநிலத்தின் இடத்தில் வந்திருந்தால் அதையும் குறிப்பில் சேர்க்கலாம்.

மொத்தமாகப் பார்த்தால் யார் இல்லை

தனித்தனியாகப் பார்த்து முடித்த பிறகு விரிதாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். தொடர் ஓட்டத்தில் நான்கு பேருமே கடைசிச் சுற்றுதான் ஓடுவேன் என்று நின்றால் எப்படி இருக்கும்? சில குழுக்கள் அப்படித்தான்: தனித்தனியே எல்லாரும் தகுதியானவர்கள், ஆனால் எல்லாரும் ஒரே அச்சு.

பெண்கள் எத்தனை பேர் என்பது எளிதில் எண்ணக்கூடியது. உலக அமைப்பின் 26 பேர் கொண்ட கவுன்சிலில் 2023 தேர்தலுக்குப் பின் ஆணும் பெண்ணும் சரிபாதி. 2027-க்குள் எட்ட நினைத்த இலக்கு அது. அதற்கு நான்காண்டு முன்னால்தான், 2019-இல், கொலம்பியாவின் சிமேனா ரெஸ்ட்ரெப்போ அந்த அமைப்பின் முதல் பெண் துணைத் தலைவரானார். இந்தியச் சட்டம் 15 பேருக்கு மேற்படாத செயற்குழுவில் குறைந்தது 4 பெண்கள் வேண்டும் என்கிறது. எண்ணிக்கையோடு, அவர்களுக்கு என்ன பொறுப்பு என்பதையும் பாருங்கள். நிதிக் குழுவில் ஒருவரும் இல்லாமல், நால்வரும் வரவேற்புக் குழுவில் இருந்தால் சட்டம் நிறைவேறிவிட்டது, வேறெதுவும் நடக்கவில்லை.

கண்ணில் சட்டென்று படாத வெற்றிடங்கள் வேறு. தடகளத்தில் பதிவு செய்திருப்பவர்களில் பெரும் பகுதி பிள்ளைகள். பிள்ளைகளின் பாதுகாப்பு தெரிந்த ஒருவர் குழுவில் இருக்கிறாரா? கோச்சுக்கு எதிராகப் புகார் வந்தால் யார் கையில் போகும்? விளையாட்டு மருத்துவர் உண்டா? தற்போது கோச்சாக வேலை செய்பவர்? போட்டி நடத்துநர்களின், அதாவது கொடி காட்டி, டேப் பிடித்து, வெயிலில் நிற்கும் ஆட்களின் சார்பில் யார்? பெரிய நகரங்களைத் தாண்டி யார்? இந்தப் பட்டியல் முழுவதையும் எந்தக் குழுவும் நிறைவு செய்யாது. உங்கள் நாட்டில் இப்போது எரியும் பிரச்சினை எதுவோ, அதற்கான ஆள் இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதும்.

எழுதும்போதும் கேட்கும்போதும்

சேகரித்ததை வெளியே சொல்லும் முன் சொற்களில் கவனம் தேவை. இடைநீக்கம், குற்றச்சாட்டு, தடை, தீர்ப்பு நான்கும் நான்கு வெவ்வேறு விஷயங்கள். மேலே சொன்ன டியாக் விஷயத்தில் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. பலக்னிச்சேவ் விஷயத்தில் இருப்பது விளையாட்டு அமைப்பின் ஒழுங்கு நடவடிக்கை. கிப்லகாட் 2015 நவம்பரில் ஸ்பான்சர் பணம் தொடர்பான புகாரில் தற்காலிகமாக இடைநீக்கம் செய்யப்பட்டவர். முடிவு வரும் முன்பே 2016-இல் இறந்துவிட்டார். மூன்றையும் 'ஊழலில் சிக்கியவர்கள்' என்று ஒரே வரியில் எழுதுவது சோம்பேறித்தனம், சில நாடுகளில் வழக்கும் வரும்.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் தேதி போட்டு வையுங்கள். பல நாடுகளில் குழுக்கள் ஒலிம்பிக் முடிந்த குளிர்காலத்தில்தான் மாறும். உங்கள் விரிதாள் அப்போது ஒரே நாளில் பழசாகிவிடும். நடுவில் விலகுபவர்களைத் தனியாகக் கவனியுங்கள். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று ஒருவர் போனால் சரி. ஆறு மாதத்துக்குள் சுயேச்சை உறுப்பினர்கள் மூவர் அதே காரணத்துக்காகப் போனால் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கேட்பது எப்படி? பொதுச் செயலாளருக்கு எழுத்தில், சுருக்கமாக, ஆட்களைப் பற்றி இல்லாமல் ஆவணங்களைப் பற்றி. 'உங்கள் துணைத் தலைவர் அகாடமி நடத்துகிறாரே, இது நியாயமா' என்று கேட்டால் பதில் வராது. இப்படி எழுதலாம்:

"குழு உறுப்பினர்கள் தங்கள் பிற தொழில், பதவி, பங்குகளைத் தெரிவிக்கும் பதிவேடு பராமரிக்கப்படுகிறதா? கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டது? கடந்த நிதியாண்டில் எந்தெந்தத் தீர்மானங்களின்போது உறுப்பினர்கள் விலகி நின்றார்கள் என்ற விவரத்தின் நகல் வேண்டும்."

பதிவேடு இருந்தால் அனுப்புவார்கள். பதிவேடே இல்லை என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த பொதுக்குழுவில் படித்துக் காட்ட உதவும்.